எண்ணெயைச் சோதித்தால் விதை தெரியாது: சமையல் எண்ணெய் நிறுவனத்துக்கு ஒரு புகார்

பெறுநர்:
நுகர்வோர் குறைதீர் அலுவலர்,
சமையல் எண்ணெய் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: கலப்பு எண்ணெய் பாக்கெட்டில் ‘100% மரபணு மாற்றம் இல்லாதது’ என்ற அறிவிப்பு – ஆதாரமாக அனுப்பிய ஆய்வக அறிக்கை அதற்குப் பொருந்தாதது – அறிவிப்பை நீக்கவும் கூடுதல் விலையைத் திருப்பித் தரவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். சோயா எண்ணெய் 70 சதவீதம், பருத்திக்கொட்டை எண்ணெய் 30 சதவீதம் கலந்த உங்கள் சுத்திகரித்த எண்ணெயில் 1 லிட்டர் பாக்கெட் ஆறு வாங்கினேன். முன்பக்கத்தில் பச்சை வட்டத்துக்குள் ‘100% மரபணு மாற்றம் இல்லாதது’ என்றும், அதன் கீழே ‘அதனால் ஒவ்வாமை பயமில்லை’ என்றும் அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த வட்டம் இல்லாத உங்கள் மற்றொரு பாக்கெட்டைவிட இது லிட்டருக்கு 18 ரூபாய் அதிகம். ஆதாரம் கேட்டேன், ஒரு பக்க ஆய்வக அறிக்கையை அனுப்பினீர்கள். அந்த அறிக்கையைப் பற்றியதுதான் இந்தப் புகார்.

மாதிரி: சுத்திகரித்த எண்ணெய், 50 மி.லி. முறை: பி.சி.ஆர். (டி.என்.ஏ. துண்டைப் பல மடங்காகப் பெருக்கிக் கண்டறியும் சோதனை). தேடியவை: மரபணு மாற்றிய பல பயிர்களில் செருகப்பட்டிருக்கும் 35எஸ், நாஸ் என்ற இரண்டு மரபணுத் துண்டுகள். முடிவு: ‘கண்டறியப்படவில்லை’. அறிக்கையில் இருப்பது இவ்வளவுதான்.

பி.சி.ஆர். தேடுவது டி.என்.ஏ.வை. சுத்திகரித்த எண்ணெயில் அது ஏறக்குறைய இல்லை. கச்சா எண்ணெயில் தண்ணீரோ பாஸ்பாரிக் அமிலமோ விட்டுக் கோந்தைப் பிரிக்கும்போதே டி.என்.ஏ.வின் பெரும்பகுதி கோந்தோடு வெளியேறிவிடுகிறது. பிறகு காஸ்டிக் சோடா, அடுத்து வெளுப்பு மண், கடைசியாக 220 டிகிரிக்கு மேல் சூடாக்கி வெற்றிடத்தில் நீராவி செலுத்தி வாடை நீக்குதல். இத்தனையும் தாண்டி வந்த எண்ணெயில் ஏதாவது மிஞ்சியிருந்தாலும் அது பி.சி.ஆருக்கு எட்டாதபடி நொறுங்கிக் கிடக்கும். மரபணு மாற்றிய விதையைப் பிழிந்தாலும் மாற்றாத விதையைப் பிழிந்தாலும் இந்த எண்ணெயில் ‘கண்டறியப்படவில்லை’ என்றுதான் பெரும்பாலும் வரும்.

இதைச் சரிபார்க்கவே ஒழுங்கான ஆய்வகங்கள் இன்னொரு மரபணுவையும் சேர்த்துத் தேடுகின்றன. சோயாவுக்கு அது லெக்டின் மரபணு. எந்தச் சோயாவிலும் இயல்பாகவே இருப்பது. லெக்டின் கிடைத்து 35எஸ் கிடைக்கவில்லை என்றால் அந்த முடிவுக்கு ஒரு பொருள் உண்டு. லெக்டினும் கிடைக்கவில்லை என்றால் மாதிரியில் சோதிக்கத் தக்க டி.என்.ஏ.வே இல்லை; முடிவு செல்லாது. உங்கள் அறிக்கையில் லெக்டின் வரியும் இல்லை, பருத்திக்கான ஒப்பீட்டு மரபணு வரியும் இல்லை. ஆய்வகம் அதைச் செய்யவில்லையா, செய்து வந்த முடிவை நீங்கள் அனுப்பவில்லையா என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

அடுத்த குறை, தேடிய துண்டுகளே போதாதவை. களைக்கொல்லி தாங்கும் பழைய சோயா வகையில் 35எஸ், நாஸ் இரண்டும் உண்டு. அதற்குப் பின்வந்த எம்.ஓ.என். 89788 வகையிலும், புழு எதிர்ப்புள்ள எம்.ஓ.என். 87701 வகையிலும் இரண்டுமே கிடையாது. இவ்விரண்டையும் ஒரே விதையில் சேர்த்த சோயா 2013 முதல் தென் அமெரிக்காவில் விற்பனையில் இருக்கிறது. பிரேசிலில் பரவலாகப் பயிராகிறது. ஆகவே விதையையே அரைத்துக் கொடுத்திருந்தாலும் இந்தச் சோதனை அவற்றைத் தவறவிட்டிருக்கும். பாக்கெட்டின் பின்புறத்தில் ‘இறக்குமதி செய்த கச்சா எண்ணெயிலிருந்து’ என்று நீங்களே போட்டிருப்பதால் இது சின்ன விஷயமல்ல. இந்தியா சோயா எண்ணெயை முக்கியமாக அர்ஜென்டினா, பிரேசில் நாடுகளிலிருந்து வாங்குகிறது. அர்ஜென்டினாவின் சோயா கிட்டத்தட்ட முழுவதும் மரபணு மாற்றியது. அப்படிப்பட்ட சோயாவின் எண்ணெயை இறக்குமதி செய்ய 2007-லேயே மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு அனுமதி கொடுத்துவிட்டது. சட்டப்படி வாங்குவதில் தவறில்லை. வாங்கிவிட்டு இல்லை என்று அச்சிடுவதுதான் தவறு.

பருத்திக்கொட்டைக்கு இறக்குமதியைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. 2002-ல், காய்ப்புழுவை எதிர்க்கும்படி மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கும் 2006-ல் இரண்டு மரபணுக்கள் கொண்ட அதன் அடுத்த வகைக்கும் அனுமதி கிடைத்தது. இன்று நாட்டின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் பி.டி. தான். ஜின்னிங் மில்லில் பஞ்சைப் பிரித்ததும் எல்லா ஊர்க் கொட்டையும் ஒரே குவியலாகச் சேர்ந்து எண்ணெய் ஆலைக்குப் போகிறது. தனியாகப் பயிரிட்டு, தனியாக ஜின்னிங் செய்து, தனியாகப் பிழிந்தாலொழிய பி.டி. கலக்காத பருத்திக்கொட்டை எண்ணெய் கிடைக்காது. அப்படித் தனியாகக் கொண்டுவந்ததற்கு ஒரு ரசீதாவது காட்ட முடியுமா?

மரபணு மாற்றிய பயிரின் எண்ணெய் நஞ்சு என்று நான் சொல்லவரவில்லை. பி.டி. பருத்தியில் காய்ப்புழுவைக் கொல்வது ஒரு புரதம். சுத்திகரித்த எண்ணெயில் புரதம் ஏறக்குறைய மிஞ்சுவதில்லை. சுற்றுச்சூழல், விதை உரிமை, பூச்சி எதிர்ப்புத் திறன் பற்றிய வாதங்கள் வேறு. அவை வயலில் நடப்பவை. எந்த விதையின் எண்ணெயை வாங்குவது என்று முடிவுசெய்ய வாங்குபவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமைக்காக 18 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தவரிடம் ஆதாரமில்லாத வட்டத்தை விற்றிருக்கிறீர்கள்.

‘ஒவ்வாமை பயமில்லை’ என்ற வரி இதைவிட மோசமானது. சோயா ஒவ்வாமையைத் தூண்டுவது சோயாவின் சொந்தப் புரதங்கள். அவை மரபணு மாற்றாத சோயாவிலும் அப்படியே இருக்கின்றன. சோயா ஒத்துக்கொள்ளாத குழந்தையின் தாய் இந்த வரியை நம்பி, மரபணு மாற்றாத சோயா என்றால் ஆபத்தில்லை என்று எண்ணி, மீல்மேக்கரோ சோயா மாவோ கொடுத்தால் என்ன ஆகும்? இந்த வரியை ஒரு நாள்கூட விட்டுவைக்கக் கூடாது. பருத்திக்கொட்டை எண்ணெயில் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதானால் பேச வேண்டியது காசிபால். கொட்டையில் இயற்கையாகவே உள்ள அந்த நச்சுப் பொருளைக் காஸ்டிக் சுத்திகரிப்புதான் நீக்குகிறது. அது பி.டி. கொட்டையிலும் உண்டு, பழைய நாட்டுக் கொட்டையிலும் உண்டு. உங்கள் பாக்கெட்டில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அந்த வட்டம் உண்மையாக வேண்டுமானால் வழி இருக்கிறது. இந்தியாவில் மரபணு மாற்றிய சோயாவைப் பயிரிட அனுமதி கிடையாது. எனவே மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் பக்கத்து விதையை இங்கேயே பிழிந்து, இறக்குமதி எண்ணெயோடு தொட்டியிலும் குழாயிலும் கலக்காமல் கொண்டுவரலாம். சோதனையை ஆலை வாசலில், விதையில் செய்யுங்கள். ஆயிரத்தில் ஒரு விதை கலந்திருந்தாலும் 95 சதவீத உறுதியோடு பிடிக்க ஏறக்குறைய 3000 விதைகள் வேண்டும். சோயாவில் அது சுமார் 300 முதல் 400 கிராம். லாரியின் மேல், நடு, அடி என்று பல இடங்களில் எடுத்துக் கலந்த மாதிரியாக அது இருக்க வேண்டும். பருத்திக்கொட்டையில் பி.டி. புரதம் காண, நாக்பூர் மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது போன்ற சோதனைப் பட்டைகள் உண்டு, மில்லிலேயே பார்த்துவிடலாம். களைக்கொல்லி தாங்கும் பருத்தியையும் அங்கேயே தேடுங்கள். அதற்கு இந்தியாவில் அனுமதியே இல்லை, ஆனாலும் பல மாநிலங்களில் திருட்டுத்தனமாகப் பயிராகிறது. இவ்வளவும் செய்தாலும் ‘100%’ என்று எழுத முடியாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட வரைவு விதிகளே, மரபணு மாற்றியது கலந்திருப்பதை லேபிளில் அறிவிக்க 1 சதவீதத்தைத்தான் எல்லையாக வைத்தன.

நான் கேட்பவை இவை. பச்சை வட்டத்தையும் ஒவ்வாமை வரியையும் உடனே நீக்கி, கடைகளில் கிடக்கும் பாக்கெட்டுகளின் மேல் திருத்தச் சீட்டு ஒட்டுங்கள். என் ஆறு பாக்கெட்டுக்கும் கூடுதலாக வாங்கிய 108 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். அறிவிப்பு உண்மைதான் என்று இன்னும் சொல்வீர்களானால், விதை கொள்முதல் ஆவணம், விதை நிலையில் எடுத்த சோதனை அறிக்கை, அதில் லெக்டின் முடிவு, தேடிய வகைகளின் முழுப் பட்டியல் ஆகியவற்றை அனுப்புங்கள். சுத்திகரித்த எண்ணெயில் எடுத்த இன்னொரு அறிக்கை எனக்கு வேண்டாம்.

30 நாள்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும், 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் புகார் பதிவு செய்வேன். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் 2006-ன் 53-ஆவது பிரிவில், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருப்பது உங்கள் சட்டப் பிரிவுக்குத் தெரிந்திருக்கும்.

இணைப்பு: ஆறு பாக்கெட்டின் ரசீது, இரண்டு பக்கப் படங்கள், நீங்கள் அனுப்பிய அறிக்கையின் நகல். இரண்டு பாக்கெட்டைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். அலுவலர் கேட்டால் மாதிரியாகக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்