பதினான்காம் வசனத்துக்காக ஒரு நன்றி மடல்

கர்த்தருக்குள் பிரியமான சபையாருக்கும், எங்கள் தோட்டப்பாளையம் தெருக்காரர்களுக்கும் அன்பின் ஸ்தோத்திரம்.

அப்பா வீடு வந்து சேர்ந்துவிட்டார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வருகிறார், போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு விசாரிக்கிறார். ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தோம். அதோடு முடித்துக்கொள்ள மனம் வரவில்லை. சபை நடுவில் பேசிய தப்பைச் சபை நடுவில்தான் எடுக்க வேண்டும். அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி பக்கத்து வீட்டு பாய்க்கு. ஏப்ரல் கடைசி, ராத்திரி இரண்டு மணி. பாத்ரூமில் விழுந்த அப்பா எழ முடியாமல் கிடக்கிறார். நான் போய்க் கதவைத் தட்டியதும், கட்டிய லுங்கியோடு வந்து, காரணம்கூடக் கேட்காமல் வண்டியை எடுத்தார். நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையை ஓய்வுநாள் பள்ளியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூவருக்கும் மனைவி பிரசவ வேதனையில். அதில் ஒருவர் இஸ்லாமியர். ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்று அவர்கள் சொல்ல, டாக்டருக்குப் படிக்காத அம்மையாரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்தத் தட்டல்தான் அவரைப் படிக்க வைத்து, 1900-இல் டாக்டராக வேலூருக்குத் திருப்பி அனுப்பியது. நானும் எத்தனையோ தடவை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கதை. தட்டுகிறவன் நானாக நின்ற அன்றைக்குத்தான் அது எனக்கே புரிந்தது.

இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கஷ்டமெல்லாம் ராத்திரியில்தான். பொழுது சாய்ந்தால் அப்பாவுக்கு நினைவு தடுமாறிவிடும். ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலையில் வேலை செய்தவர் அல்லவா, "ஷிப்டுக்கு நேரமாச்சு, சைக்கிள எடுறா" என்று டிரிப்ஸைப் பிடுங்கிக்கொண்டு எழுந்துவிடுவார். வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு இப்படி வருவதுண்டு, தெரிந்த முகம் பக்கத்தில் இருந்தால் அடங்கும் என்று நர்ஸ் சொன்னார். நான் சர்க்கரைக்காரன். மூன்றாம் நாள் மாடிப்படியில் எனக்கே தலை சுற்றிவிட்டது.

அங்கிருந்து எட்டு இரவு, சபை முறை வைத்துக்கொண்டு வந்தது. பெண்கள் ஐக்கியச் சங்கத்து அக்காமார் கொடுத்தனுப்பிய கேழ்வரகுக் கஞ்சியை மறக்க மாட்டேன். ஆயர் ஐயாவும் ஒரு ராத்திரி உட்கார்ந்தார். வாலிபர் ஐக்கியத்துத் தம்பி ஒருவன் நாற்காலியிலேயே குறட்டை விட, அப்பாதான் அவனை எழுப்பி, "உனக்கு எந்த ஷிப்டு?" என்று கேட்டிருக்கிறார். தம்பி, அதற்காக வெட்கப்பட வேண்டாம். இயேசு சொன்ன உவமையில், மணவாளனுக்காகக் காத்திருந்த பத்துக் கன்னிகைகளும் தூங்கித்தான் போனார்கள், புத்தியுள்ள ஐந்து பேரும் சேர்த்து.

ஐந்தாம் இரவு யார் முறை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. விடியற்காலை நாலரைக்குப் போய்ப் பார்த்தால், அப்பாவின் கட்டிலை ஒட்டித் தரையில் ஒருவர் சாய்ந்து கிடக்கிறார். ஒரு சிவப்புக் கரைத் துண்டு. அதன் ஒரு நுனி அப்பாவின் மணிக்கட்டில், இறுக்காமல், இரண்டு சுற்று. மறு நுனி அவர் விரல்களில். அப்பா லேசாகக் கை அசைத்தார். கண் திறக்கும் முன்பே அந்த விரல்கள் துண்டைப் பிடித்துவிட்டன.

"நான் நித்திரைபண்ணினேன், என் இதயமோ விழித்திருந்தது" என்று உன்னதப்பாட்டில் வாசித்திருக்கிறேன்.

அவர் யாரென்று சபைக்குத் தெரியும். போன அறுப்பின் பண்டிகை ஏலத்தை நடத்தியவர். முள்ளுக் கத்திரிக்காய்க் கூடையை இரண்டாயிரம்வரை ஏற்றிவிட்டு நம்மையெல்லாம் சிரிக்க வைத்தவர். கணக்கில் 3,400 ரூபாய் குறைகிறது என்று கூட்டத்தில் எழுந்து அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டவன் நான். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுவாரத்திலிருந்து கடைசி பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார்.

பணம் குறையவே இல்லை. ரசீதுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தின் கூட்டுத்தொகையை நானே இரண்டு தடவை ஏற்றியிருந்தேன். லெந்து தவக்கால நாட்களுக்கு முன்பே அதைக் கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பண்டிகை முடியட்டும், கூட்டம் வரட்டும் என்று எனக்கு நானே தவணை சொல்லிக்கொண்டேன்.

சபைக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் என் கையால் எழுதி வைத்த வசனம் இது: "விழித்திருங்கள், விசுவாசத்திலே நிலைத்திருங்கள், புருஷராயிருங்கள், திடன்கொள்ளுங்கள்." ஒன்று கொரிந்தியர் 16:13. எத்தனை வருஷம் அதைக் காட்டி எத்தனை பேரை மடக்கியிருப்பேன்! விழித்திருப்பது என்றால் அடுத்தவன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பது என்றே நினைத்திருந்தேன். அடுத்த வசனத்தை எழுதாமல் விட்டது இடமில்லாமல் அல்ல. "உங்கள் காரியங்களெல்லாம் அன்போடே செய்யப்படக்கடவது." அப்போஸ்தலன் மூச்சு விடாமல் சேர்த்து எழுதியதை நான் பாதியில் வெட்டியிருக்கிறேன்.

அன்று காலை அவர் என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார். "நீ போய்ப் படு அண்ணா, நான் பாத்துக்கினு இருக்கேன்" என்றார். அவ்வளவுதான். கணக்கைப் பற்றி நானும் அப்போது பேசவில்லை, தொண்டை அடைத்துவிட்டது. இப்போது பேசுகிறேன்: தம்பி, தப்பு என்னுடையது. திருத்திய கணக்கை ஆயர் ஐயாவிடம் கொடுத்துவிட்டேன், வரும் கூட்டத்தில் நானே வாசிப்பேன். பொருளாளர் பொறுப்பை வேறு யாருக்காவது கொடுங்கள் என்றும் கேட்டிருக்கிறேன்.

உன் துண்டு எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஆளனுப்பாதே, நீயே வந்து வாங்கிக்கொள். கத்திரிக்காய்க் குழம்பு வைக்கச் சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்கு உன் பெயர் இன்னும் பிடிபடவில்லை. "ராத்திரி ஷிப்டு பையன் எங்கடா?" என்று தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் சபையின் பொருளாளர்,
வேலூர்