குலிஸான்னா காடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன ஞாயிறு மலர்ல வந்த கிழக்கு ஐரோப்பா நாடகக் கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ரஷ்யன், போலிஷ், செக், செர்பியன், பல்கேரியன்னு ஸ்லாவ் குடும்ப பாஷைங்க எல்லாத்துலயும் மேடையோட பக்கத் தட்டிக்கு 'குலிஸா'ன்னு ஒரே வார்த்தை இருக்கறதால அது பழைய ஸ்லாவ் சொல்லாத்தான் இருக்கணும்னு போட்டிருக்கீங்க பாருங்க, அங்கதான் இடிக்குது. அது பிரெஞ்சு 'கூலிஸ்'. வழுக்கிட்டு நகர்றதுங்கற வினையில இருந்து வந்தது, நம்ம ஆசாரிங்க பாஷையில சொன்னா காடி, அதாவது பலகை வழுக்கி நகர்றதுக்கு வெட்டுற நீளப் பள்ளம்.

மேடையில எதுக்கு காடின்னா, ரெண்டு பக்கமும் காடு, அரண்மனைன்னு வரைஞ்ச தட்டிங்க நிக்கும், தரையில வெட்டுன காடியிலதான் அதெல்லாம் உள்ள வெளிய நகரும், காடியோட பேரே தட்டிக்கும் ஆயிடுச்சு. 1640கள்ல வெனிஸ்ல டொரெல்லின்னு ஒருத்தர் அத்தனை தட்டியையும் மேடைக்கு அடியில ஒரே உருளையில கட்டி ஒரே இழுப்புல மாத்திக் காட்டுனாரு. செக் நாட்டுல செஸ்கி க்ரும்லோவ் கோட்டையில 1765-66ல போட்ட அந்த மாதிரி மெஷின் இன்னும் இருக்கு, பையன் அந்த நாட்டுல வேலை பாக்கறதால போய்ப் பாத்தேன், முழுக்க மரமும் கயிறும்தான், பழைய பாய்மரக் கப்பலோட அடித்தட்டுல நிக்கற மாதிரி இருந்துச்சு.

இன்னொரு வேடிக்கை. தியேட்டருக்கே செக்காரங்க 'திவட்லோ'ன்னு சொந்த வார்த்தை வச்சிருக்காங்க (பாக்கற இடம்னு வச்சுக்கலாம்), குரோஷியாவுல 'கஸாலிஷ்டே', ஆனா குலிஸாவை மட்டும் ரெண்டு பேருமே அப்படியே வச்சுக்கிட்டாங்க. சாமானோட சேந்து பேரும் வந்துடுச்சுன்னு நினைக்கறேன், நம்ம ஸ்க்ரூ, போல்ட் கதைதான்.

அதே கட்டுரையில ஒரு அரசியல் பேரத்தை 'காட்சிகளுக்குப் பின்னால்' நடந்ததா எழுதியிருக்கீங்க, அது இங்கிலீஷ் சார். ரஷ்யன்ல 'ஸா குலிஸமி', அதாவது தட்டிக்குப் பின்னாடி. பல்கேரியாவுல 'ஸத்குலிஸியே'ன்னு அதையே ஒத்தை வார்த்தையாக்கி கள்ளப் பேர அரசியலுக்குன்னே வச்சுட்டாங்க. நமக்குத்தான் திரைமறைவுன்னு அம்சமா ஒண்ணு இருக்கே? ஒரு சின்ன வித்தியாசம், திரையை இழுத்துட்டா நாடகமே நின்னுடும், தட்டிக்குப் பின்னாடின்னா முன்னாடி ராஜா வசனம் பேசிக்கிட்டே இருப்பாரு, நாலடி தள்ளி இன்னொருத்தன் பீடி பிடிச்சுக்கிட்டு கணக்கு தீத்துட்டு இருப்பான். பல்கேரியாக்காரன் சொல்றது அதைத்தான்.

அந்த ஸ்லாவ் சொல் விஷயத்துக்கு மட்டும் அடுத்த வாரம் ஒரு திருத்தம் போட்டுடுங்க.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகர், தஞ்சாவூர்