இரண்டு போட்டோவும் ஆதார் நகலும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே மழை விடவில்லை, ரப்பர் வெட்டு நின்று பதினைந்து நாளாகிறது. சித்தி மகன் பெங்களூர் வருகிறான், ஏத்தங்காய் வற்றல் கொடுத்துவிட்டிருக்கிறேன். மருமகனுக்கு எண்ணெய் ஆகாது என்றால் நீயாவது தின்று தீர்த்துவிடு. அப்புறம், உன் பாஸ்போர்ட் அளவு போட்டோ இரண்டும் ஆதார் நகலும் வேண்டும். எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

நீ கூப்பிட்டு ஒன்றரை மாதம் ஆகிறது. வேலை இருக்கும். பணம் மட்டும் ஒன்றாம் தேதி தவறாமல் வந்துவிடுகிறது. பணம் பேசுமா மக்களே? ஆனால் இப்படி நாள் தவறாமல் அனுப்புகிற பிள்ளை நம் தெருவில் வேறு யாருக்கும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும்.

அண்ணனுக்குச் சுகம்தான். அவன் மாதிரி அறிவு வளர்ச்சி குறைந்தவர்களுக்கான நிராமயா இன்சூரன்ஸை இந்த வருடமும் புதுப்பித்தாயிற்று. ஒரு லட்சம் வரை வைத்தியத்துக்குக் கிடைக்கும் என்று அப்பா நோட்டில் எழுதி வைத்திருந்தார், அதனால் மறக்கவில்லை. உதவித்தொகை 2000 ரூபாயும் வருகிறது. கார்டியன் பெயரைத்தான் மாற்ற வேண்டும், அப்பா பெயரே கிடக்கிறது. பதினெட்டு வயது தாண்டினால் பெற்றவர்களுக்கே தானாக அந்த உரிமை இல்லையாம். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான கமிட்டிதான் ஆளை நியமிக்கும். என் பெயரைப் போடலாம். எனக்கு 69 ஆகிறது. போட்டோ வெள்ளைப் பின்னணியில் இருக்கட்டும்.

போன மாதம் சித்தியோடு தக்கலைப் பக்கம் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். ஆமாம், நீ அன்று சொன்ன மாதிரி இடம்தான். பெற்றவள் உயிரோடு இருக்கும்போது மடத்தில் தள்ளச் சொல்கிறாயா என்று அன்று உன்னிடம் கத்திவிட்டேன். 2001இல் ஏர்வாடி மனநோய் விடுதித் தீயில் 28 பேர் கட்டின சங்கிலியோடு வெந்து போனதைப் பேப்பரில் பார்த்ததிலிருந்து விடுதி என்ற சொல்லே எனக்கு ஆகாது. அது மனநோய், இவனுக்கு உள்ளது வேறு என்று அப்பா எத்தனையோ முறை சொன்னார். என் கண்ணுக்கு எல்லாம் சங்கிலிதான்.

இது சாதாரண ஓட்டு வீடு. போர்டுகூட இல்லை. நாலு ஆண்கள், மாறி மாறி ஒரு உதவியாள். எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று சித்தி கேட்டாள். இது அவர்கள் வீடு அம்மா, பெற்றவர்கள் போன பிறகும் இங்கேயே இருப்பார்கள் என்றாள் அங்கிருந்த பெண். ஒருவருக்கு ஐம்பது வயது இருக்கும், பேச்சு தெளிவில்லை. எழுந்து போய் கேஸ் பற்ற வைத்து எங்களுக்குக் கட்டன் சாயா போட்டுத் தந்தார். உதவியாள் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றாரே தவிர கை வைக்கவில்லை. எனக்கு அந்தச் சாயா இறங்கவில்லை.

அண்ணனுக்கு 41 வயது. இன்னும் நான்தான் சோறு பிசைந்து ஊட்டுகிறேன். 1996இல் நாகர்கோவிலிலிருந்து ஒரு ஸ்பெஷல் ஸ்கூல் டீச்சர் வந்தாரே, நீ திண்ணையில் இருந்தாய், எட்டு வயது. குளிக்க, சமைக்க, பஸ் ஏற எல்லாம் பழக்கலாம், காலையில் வேன் வரும் என்றார். பிள்ளைக்கு வலிப்பு உண்டு, அனுப்ப முடியாது என்றேன். அப்பாவிடமும் அதைச் சொல்லியே வாயை அடைத்தேன். அவனுக்கு ஒரு நாளும் வலிப்பு வந்ததில்லை. பெயர் எழுதின வேன் தினமும் வாசலில் வந்து நிற்குமே, நாளை உன்னைப் பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றுதான். அப்பா போகும்வரை இதைச் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. கோபம் இருந்தால் போனில் திட்டு. கையெழுத்துப் போட்டால் அவனைக் கொண்டுவந்து உங்கள் வீட்டில் விட்டுவிடுவேனோ என்று மருமகன் நினைக்க வேண்டாம். அங்கே இடம் கிடைத்தால் அங்கே இருப்பான், விளையில் வருகிற ரப்பர் பணம் அவன் செலவுக்கு. நீ அவ்வப்போது சொல்லாமல் போய், அவன் தட்டில் மீன் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இப்போது சாயா போடப் பழக்குகிறேன். நாலு கரண்டி சீனி அள்ளிப் போடுகிறான். எனக்குச் சுகர்தான், ஆனாலும் குடித்துவிடுகிறேன். போட்டோவை மறக்காதே.

அம்மா