டென்ஸ் அட்டவணைக்கு முன்னால் ஒரு தமிழ் வாக்கியம்

மதுரை மாவட்டத்துப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பள்ளி திறந்த கையோடு கரும்பலகையில் நீங்கள் போடும் 12 கட்ட டென்ஸ் அட்டவணையைப் பற்றியது இந்த மடல். அட்டவணையில் பிழை ஏதும் இல்லை. பிள்ளைகள் அதை மனப்பாடமும் செய்துவிடுகிறார்கள். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் "எங்க அப்பா தினமும் மாட்டுத்தாவணிக்குப் போவார்" என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிப் பாருங்கள். பாதி நோட்டுகளில் "மை ஃபாதர் வில் கோ டு மாட்டுத்தாவணி டெய்லி" என்று இருக்கும். அட்டவணை மறந்துபோய் வந்த பிழையல்ல இது. தமிழ் சரியாகத் தெரிந்திருப்பதால் வருவது.

"போவார்" என்பதில் உள்ள வ் எதிர்கால இடைநிலை. அடுத்த பீரியடில் தமிழாசிரியர் அப்படித்தான் நடத்துகிறார். ஆனால் அதே ப், வ் வழக்கத்தையும் சொல்லும், பழைய வழக்கத்தையும் சொல்லும். "நாளைக்குப் போவார்" என்றால் "வில் கோ". "தினமும் போவார்" என்றால் "கோஸ்". "சின்ன வயசுல வைகையில குளிப்போம்" என்றால் "வி யூஸ்டு டு பேத் இன் த வைகை". தமிழில் ஒரு வடிவம், ஆங்கிலத்தில் மூன்று. எனவே மாணவரிடம் "எந்தக் காலம்?" என்று கேட்காதீர்கள். கேட்டால் "எதிர்காலம்" என்பார். அவர் சொல்வதும் சரிதான். "இனி ஒரு தடவை நடக்கப்போவதா, வழக்கமா, நின்றுபோன வழக்கமா?" என்று கேளுங்கள்.

நிகழ்காலத்திலும் இதே சிக்கல் உண்டு. கிறு என்றாலே "இங்" என்று பழக்கிவிட்டதால்தான் "எனக்கு ரெண்டு தம்பி இருக்காங்க" என்பது "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" ஆகிறது. ஹேவ், நோ, வான்ட், பிலீவ் போன்றவை நிலையைச் சொல்லும் வினைகள். அவற்றில் "இங்" பொதுவாக ஒட்டாது. "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" என்பது சரி, ஏனென்றால் அங்கே ஹேவ் என்பது சாப்பிடுகிற செயல்.

அதிகம் திணறுவது பெர்ஃபெக்டில்தான், அதாவது ஹேஸ், ஹேவ், ஹேட் சேர்ந்து வரும் வடிவத்தில். "திருமலை நாயக்கர் 1636இல் மகாலைக் கட்டியிருக்கிறார்" என்பது நல்ல தமிழ். அதை அப்படியே மாற்றி "ஹேஸ் பில்ட் த பேலஸ் இன் 1636" என்றால் ஆங்கிலம் ஏற்காது. தமிழில் "இருக்கிறார்" என்பது "இப்போது நமக்குத் தெரியவருகிறது" என்ற பொருளிலும் வரும். பக்கத்தில் பழைய தேதி நிற்பது அதற்குத் தொந்தரவே இல்லை. ஆங்கில "ஹேஸ்" முடிந்துபோன தேதியோடு சேராது. 1636, எஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ, இவற்றில் ஒன்று வந்துவிட்டால் "பில்ட்" மட்டும் போதும். தேதி முடியாமல் இன்றுவரை நீண்டால்தான் ஹேஸ்: "த பெரியாறு டேம் ஹேஸ் ஸ்டுட் சின்ஸ் 1895."

சின்ஸ், ஃபார் குழப்பத்துக்கு மருந்து நம் பேச்சிலேயே இருக்கிறது. "மூணு வருஷமா" என்பதில் வரும் "ஆ" ஃபார். "2022லருந்து" என்பதில் வரும் "லருந்து" சின்ஸ். இதைச் சொல்லிக்கொடுத்தால் "சின்ஸ் த்ரீ இயர்ஸ்" பெருமளவு குறையும். ஆனால் "மூணு வருஷமா டெய்லர் வேலை பாக்குறார்" என்பதில் இன்னொரு கண்ணி உண்டு. தமிழில் நிகழ்காலமே மூன்று வருடத்தையும் சுமந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் "இஸ் வொர்க்கிங்" அதைச் சுமக்காது. "ஹேஸ் பீன் வொர்க்கிங் ஃபார் த்ரீ இயர்ஸ்" வேண்டும்.

அடுத்து ஹேட். நம் ஊர் ஆங்கிலத்தில் இதற்குத்தான் தேவைக்கு மேல் மரியாதை. "நேத்து அழகர்கோவில் போயிருந்தேன்" என்பதால் "ஐ ஹேட் கான் டு அழகர்கோவில் எஸ்டர்டே". வேண்டியது "வென்ட்" மட்டுமே. ஹேட் எழுதும் மாணவரிடம் "எதுக்கு முன்னாடி?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் ஹேட் தேவையில்லை. பதில் இருக்கும் இடத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். "வென் வி ரீச்டு மாட்டுத்தாவணி, த பஸ் லெஃப்ட்": நாம் போய்ச் சேரவும் பஸ் கிளம்பவும் சரியாக இருந்தது. "வென் வி ரீச்டு மாட்டுத்தாவணி, த பஸ் ஹேட் லெஃப்ட்": பஸ் ஏற்கெனவே போய்விட்டது, பின்பக்கத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"டிடின்ட் வென்ட்" என்ற பிழையை விதி சொல்லித் திருத்துவதைவிடத் தமிழ் காட்டித் திருத்துவது எளிது. "போகவில்லை" என்போம், "போனவில்லை" என்று யாரும் சொல்வதில்லை. "இல்லை" வந்ததும் வினை "போக" என்ற நிலைக்குத் திரும்பிவிடுகிறது, கால இடைநிலை உதிர்ந்துவிடுகிறது. டிட் வந்தாலும் அதுதான்: வென்ட் மறுபடி கோ ஆகிவிடும். "டிடின்ட் வென்ட் என்பது போனவில்லை" என்று ஒரு முறை சொல்லுங்கள். வகுப்பே சிரிக்கும், பிறகு தன்னாலே திருத்திக்கொள்ளும்.

ஒலியையும் விட்டுவிட வேண்டாம். "வாக்டு" என்பதை "வாக்கெட்" என்று இரண்டு அசையாகச் சொல்லும் பிள்ளைகள் நிறைய. ட, ட்ட ஒலியில் முடியும் வான்ட், நீட், ஸ்டார்ட் போன்றவற்றுக்கு மட்டுமே "இட்" என்று ஓர் அசை கூடும். வாக், பிளே, வாஷ் எல்லாம் ஓரசையாகவே நிற்கும். மேசையில் தட்டி எண்ணச் சொன்னால் போதும்.

அட்டவணையைக் கிழித்துப்போடச் சொல்லவில்லை. அடைப்புக்குறிக்குள் வினையைக் கொடுத்துச் சரியான வடிவம் கேட்கும் கேள்விக்கு அது உதவும். ஆனால் அங்கே பெரும்பாலும் எஸ்டர்டே, எவ்ரி டே போன்ற துப்பு கேள்வியிலேயே கிடக்கிறது. கடிதமோ கட்டுரையோ எழுதும்போது அந்தத் துப்பு கிடைக்காது. அதனால் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அட்டவணை இல்லாமல் தொடங்கிப் பாருங்கள். 40 நிமிடப் பீரியடில் முதல் 10 நிமிடம்: பலகையில் ஐந்து தமிழ் வாக்கியம், பிள்ளைகள் வீட்டில் பேசுகிற தமிழில். ஐந்தும் வேறுவேறு காலமாக இருக்கக் கூடாது. ஒரே "ப், வ்" வடிவம் மூன்று பொருளில் வரட்டும், மற்ற இரண்டும் "இருந்தேன்" ஆகட்டும். மாற்றி எழுதியபின் ஏன் இந்த வடிவம் என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லட்டும். ஆகஸ்டில் அட்டவணை பலகைக்கு வரட்டும்.

நோட்டு திருத்தும்போதும் ஒரு சின்ன மாற்றம். தப்பான வினையை அடித்துவிட்டு மேலே சரியான சொல்லை நீங்களே எழுதிவிடாதீர்கள். வினையைச் சிவப்பில் வட்டமிட்டு, ஓரத்தில் "தமிழில் என்ன நினைத்தாய்?" என்று எழுதிவிடுங்கள். மறுநாள் அந்தத் தமிழ் வாக்கியத்தோடு நோட்டு திரும்பி வரும்போது, பிழை எங்கே பிறந்தது என்பது உங்கள் இருவருக்குமே தெரிந்திருக்கும்.

அன்புடன்,
ஆங்கில இலக்கணம் நடத்துவோர் சிலர்,
மதுரை