1981 யாழ். பொது நூலக எரிப்புக்கு முன் இரவல் போன நூல்களை மீளச் சேகரிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
யாழ். பொது நூலகத்தின் பழைய அங்கத்தவர் ஒருவரின் மகள்,
நல்லூர், யாழ்ப்பாணம்.

பெறுநர்:
மாநகர ஆணையாளர் அவர்கள்,
மாநகர சபை, யாழ்ப்பாணம்.

பொருள்: பொது நூலகம் எரிந்தபோது அங்கத்தவர் வீடுகளில் இருந்ததால் தப்பிய நூல்களையும் பழைய ஆவணங்களையும் சேகரித்துப் பேணுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் அப்பா ஆசிரியர். அவர் பொது நூலகத்தில் கடைசியாக இரவல் எடுத்த இலக்கண நூல் இன்னமும் எங்கள் வீட்டில் இருக்கிறது. முதுகு கிழிந்து, தடித்த நூலால் தைத்து வைத்திருக்கிறோம். உள்ளட்டையில் ஒட்டிய திகதிச் சீட்டில் ஊதா மை முத்திரைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்குகின்றன. கடைசி முத்திரை 1981 ஜூன் 10. அன்றைக்குள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். மே 31 இரவு நூலகத்தை எரித்துவிட்டார்கள். ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. எரிவதைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் உயிர்விட்டார். அப்பாவின் கையில் இருந்த புத்தகத்துக்குத் திரும்பிப் போக இடம் இல்லாமல் போயிற்று.

1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கியபோது, யாழ் நகரைச் சூழ்ந்த வலிகாமமே பெயர்ந்து கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தது. கொட்டும் மழை. அப்பாவின் சைக்கிளில் கட்டிய பையில், உடுப்புகளுக்கு நடுவே பொலித்தீன் பையில் சுற்றியபடி இந்தப் புத்தகமும் வந்தது. “இது நூலகத்துப் புத்தகம் பிள்ளை, நனையக்கூடாது” என்று வழியில் இரண்டு முறை நிறுத்தித் தொட்டுப் பார்த்தார்.

எங்கள் நூலகமே ஒரு வீட்டில் பிறந்தது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டிலேயே இலவச வாசிப்புக்கு வழிசெய்தார். மறு ஆண்டு ஓகஸ்டில், ஊராரிடம் திரட்டிய பணத்தோடு, ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றில் 844 நூல்களுடன் அது பொது நூலகமாயிற்று. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் ஆலோசனையும், சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடமும், லோங் அடிகளாரின் உழைப்பும் சேர்ந்து எழுந்த கட்டடத்துக்கு 1954இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1959இல் அது திறக்கப்பட்டது. எரிந்த பிறகு மீண்டும் கட்டியெழுப்பும்போதும் ஒரு நூலும் ஒரு செங்கல்லும் தருமாறு மக்களிடமே கேட்டார்கள். ஆகவே இம்முறையும் வீடுகளின் கதவைத் தட்டலாம் என்ற துணிவில் இதை எழுதுகிறேன்.

அப்பாவைப் போல அந்தக் கிழமை புத்தகம் எடுத்துப் போனவர்கள் இன்னும் பலர் இருந்திருப்பார்கள். சிலர் வெளிநாட்டில் இருக்கக்கூடும். சிலர் இப்போது இல்லை. அவர்களின் பெட்டிகளில் கிடப்பது என்னவென்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. பழைய தாளென்று கடைக்குப் போட்டுவிடுவார்களோ என்பதுதான் என் பெரும் பயம். மாநகர சபை பத்திரிகைகளிலும் வானொலியிலும் ஓர் அறிவித்தல் விடுத்து, 1981க்கு முந்திய முத்திரையுள்ள நூல்கள், அங்கத்தவர் அட்டைகள், பற்றுச்சீட்டுகள், படங்கள் எதுவானாலும் தண்டம் எதுவுமின்றி ஏற்றுக்கொள்ள வேண்டும். வெளிநாட்டிலிருந்து தபாலில் அனுப்பவும் வழிசெய்ய வேண்டும். இத்தகைய சேகரம் ஏற்கெனவே இருந்தால் அதனோடு சேர்க்கலாம். இல்லையெனில் தனி அலுமாரி ஒன்று ஒதுக்க வேண்டும். திகதிச் சீட்டுகளைத் தயவுசெய்து பிரித்தெடுக்க விடாதீர்கள், புதிய அட்டை போடும்போதும்கூட. அந்தச் சீட்டுகளே வரலாறு.

அன்றைய வாசகர்களும் அங்கு வேலை செய்தவர்களும் முதிர்ந்துவிட்டார்கள். அவர்களின் நினைவுகளைக் குரலாகப் பதிவுசெய்யும் வேலையை இந்த ஆண்டே தொடங்குமாறும் வேண்டுகிறேன்.

அப்பா காலமாகிவிட்டார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு இப்போது என்னுடையது. அதை நேரில் கொண்டுவந்து இரவல் பகுதியில் ஒப்படைக்க ஒரு நாள் குறித்துத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

பிரதி: பிரதம நூலகர், பொது நூலகம், யாழ்ப்பாணம்.
இணைப்பு: திகதிச் சீட்டின் நிழற்படப் பிரதி.