பொன்மலைப் பெரியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

1974ஆம் ஆண்டு மே 8 முதல் 27 வரை நடந்த அகில இந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தைப் பற்றி, அதைக் கண்ணால் கண்ட, திருச்சியின் ரயில்வே பணிமனை ஊரான பொன்மலையின் முதியவர்களிடம் நான் கேட்டுத் தொகுத்த நினைவுக்குறிப்புகள் அச்சுக்குச் செல்லும் இவ்வேளையில், உதவிய அனைவருக்கும் நன்றி கூறக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பழைய நாளிதழ்க் கட்டுகளைத் தூசி தட்டி எடுத்துத் தந்த நூலகருக்கு முதல் நன்றி. மே 18 அன்று பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்ததும் வேலைநிறுத்தச் செய்தி எப்படி ஒதுங்கிப்போனது என்பதை அவர்தான் பக்கம் புரட்டிக் காட்டினார்.

ரயில்வே குடியிருப்புகளில் அந்த நாட்களைக் கழித்த பெண்மணிகளுக்கும் நன்றி. வேலைநிறுத்தம் தொடங்குவதற்கு முன்பே, மே 2 அன்று, வேலைநிறுத்தத்தின் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் லக்னோவில் கைதானதும், விசாரணையின்றிச் சிறைவைக்கும் மிசா சட்டமும் இந்தியப் பாதுகாப்பு விதிகளும் தொழிலாளர்மீது பாய்ந்ததும், ஆயிரக்கணக்கானோர் சிறையிலடைக்கப்பட்டதும் வரலாற்றில் பதிவானவை. ஆனால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்ற அச்சத்தில், பாத்திரங்களை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு உறங்காமல் கிடந்த இரவுகளை இவர்களன்றி யார் சொல்லியிருப்பார்கள்?

ரயில் எஞ்சினில் முன்னாள் ஃபயர்மேனான ஒருவர், 1946 செப்டம்பர் 5 அன்று ரயில்வே தொழிலாளர்மீது போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஐவரைப் பறிகொடுத்த ஊர் தங்களுடையது என்று பெருமையோடு தொடங்கி, 1974இல் தோற்றது எதனால் என்ற கேள்விக்கு நெடுநேரம் மௌனம் காத்தார். அரசின் அடக்குமுறையை மட்டும் காரணமாகச் சொல்ல அவர் மனம் ஒப்பவில்லை. அங்கீகாரம் பெற்ற இரு தொழிற்சங்கச் சம்மேளனங்களில், காங்கிரஸ் சார்பு ஐ.என்.டி.யு.சி.யைச் சார்ந்தது போராட்டத்திற்கு வெளியே நின்றதையும், தலைவர்கள் சிறைக்குப் போனபின் அடுத்து என்ன செய்வதென்று கீழ்மட்டத்தில் யாருக்கும் தெரியாததையும், சம்பளமில்லாத நாட்களைத் தாங்க நிதி இல்லாததையும் அவர் கசப்போடு ஒப்புக்கொண்டார். வேலைநிறுத்தத்தில் கேட்ட போனஸ் 1979இல்தான் வந்தது. தோல்வியை மறைக்காத அவரது நேர்மைக்கு என் தனி வணக்கம்.

இறுதியாக, அந்த இருபது நாட்களும் வேலைக்குச் சென்ற ஒரு பெரியவர். பெயர் வெளியிட வேண்டாமென்றார். ஆனால் தம் சங்கம் சொன்னதையும், வீட்டு நிலையையும் மறைக்காமல் சொல்லி, என் கைப்பிரதியை முழுவதும் படித்துத் திருத்தினார். ஊரார் அவரை அழைத்த ‘கருங்காலி’ என்ற சொல்லை நாகரிகம் கருதி நான் அடித்திருந்தேன். அவர் தம் கையாலேயே அதை மீண்டும் எழுதிச் சேர்த்துத் தந்தார்.