விசுவமடுவிலிருந்து ஒரு கடிதம்: செலவில்லாமல் நல்ல சிறுகதை படிப்பது பற்றி

விசுவமடு

அன்பின் நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூத்த மகளுக்குக் கலியாணம் பொருந்தியிருக்கிறது என்ற செய்தியை வீட்டில் வாசித்துச் சொன்னேன். எல்லோருக்கும் பெரிய மகிழ்ச்சி. இங்கே காலபோக நெல் வெட்டி முடிந்துவிட்டது. உழவுக்கூலி, பசளை, வெட்டுமெசின் என்று கொடுக்க வேண்டியவற்றைக் கொடுத்த பிறகு கையில் நின்றது கொஞ்சம்தான். மற்றபடி அனைவரும் நலம்.

ஓய்வு பெற்றபின் பொழுது இருக்கிறது, பழைய நல்ல சிறுகதைகளை ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது, ஆனால் புத்தகக் கடைக்குள் போனால் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தை நான் பலமுறை வாசித்தேன். 2022 இல் எங்கள் ரூபாய் விழுந்த பிறகு, இந்தியாவில் அச்சான ஒரு முழுத் தொகுப்பை வாங்குவதென்பது வீட்டுச் சாமான் செலவோடு போட்டி போடும் காரியமாகிவிட்டது. ஓய்வூதியத்தில் வாழ்கிற ஒருவன் அதை வாங்காமல் திரும்பியதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஆனால் ஒன்றை நீ யோசித்துப் பார்க்க வேண்டும். நாம் இன்று கெட்டி அட்டைக்குள் தொகுப்பாகப் பார்க்கிற இந்தக் கதைகளில் பெரும்பாலானவை மலிவான தாளில், வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒன்றாக, சாதாரண மனிதர்கள் சில்லறை கொடுத்து வாங்கிய இதழ்களில் வந்தவை. ரஷ்ய எழுத்தாளர் செகாவ் இளமையில் குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காக நகைச்சுவை வார இதழ்களுக்கு வரிக்கணக்கில் கூலி வாங்கி எழுதினார். அவற்றுள் ஒன்றில் நூறு வரிக்கு மேல் போகக்கூடாது என்பது ஆசிரியரின் கட்டளை. அமெரிக்க எழுத்தாளர் ஓ. ஹென்றியின் கிறிஸ்மஸ் பரிசு பற்றிய கதை 1905 டிசம்பரில் நியூயோர்க் நகரத்து ஞாயிறு பத்திரிகை ஒன்றில் வந்தது. கையில் ஒரு டொலர் எண்பத்தேழு சதம் மட்டுமே வைத்திருக்கும் மனைவி கணவனுக்கு என்ன வாங்குவாள் என்பதுதான் அந்தக் கதை. எங்கள் பக்கத்தில் 1930 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஈழகேசரியும், 1946 இல் வந்த மறுமலர்ச்சியும், தமிழகத்தில் 1933 இல் தொடங்கிய மணிக்கொடியும் செய்தது இதைத்தான். ஆகவே ஒரு கதையை மட்டும் கைபேசியிலோ, கடையில் எடுத்த போட்டோப் பிரதியிலோ படிக்கிற நீ, அந்தக் கதையின் முதல் வாசகன் படித்த விதத்துக்கு மிக நெருக்கமாகவே படிக்கிறாய். முழுத் தொகுப்பு இல்லை என்ற குறையை மனதிலிருந்து எடுத்துவிடு. கதையை ஒவ்வொன்றாகத் தேடு.

தேடுவதற்கு முதல் இடம் நூலகம் என்ற இணையத்தளம். 2005 இல் தொடங்கிய அந்த முயற்சி இலங்கைத் தமிழர்களின் புத்தகங்களையும் இதழ்களையும் மின்வருடி எவரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்திருக்கிறது. டொமினிக் ஜீவா 1966 இல் தொடங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டு நடத்திய மல்லிகையின் இதழ்களை அங்கே ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கலாம். வீட்டையும் அலுமாரியையும் விட்டுவிட்டு ஊர் ஊராக இடம்பெயர்ந்த எங்கள் வன்னிச் சனத்துக்கு இது சாதாரண வசதி அன்று. நாங்கள் இழந்த புத்தகங்களுள் சிலவற்றை நான் அங்கேதான் மறுபடியும் கண்டேன், அட்டைப்படம் உட்பட. ஒரு விடயத்தை மட்டும் கவனி: அவை பக்கங்களைப் படம்பிடித்த கோப்புகள் என்பதால் பாரம் கூடியவை, டேட்டாவை விழுங்கும். மகனின் வீட்டிலோ வைஃபை உள்ள வேறு இடத்திலோ ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு செலவில்லை. எழுத்துச் சிறிதாகத் தெரிந்தால் கைபேசியைக் குறுக்கே பிடித்துப் படி.

தமிழகத்து எழுத்தாளர்களின் படைப்புகளுக்கு மதுரைத்திட்டம் என்ற இணையத்தளம் இருக்கிறது. அது 1998 பொங்கலன்று தொடங்கியது. அங்கே இருப்பவை தட்டச்சுச் செய்த எழுத்துகள், ஆதலால் கோப்பு மிகச் சிறியது. புதுமைப்பித்தனின் படைப்புகள் 2002 இல் நாட்டுடைமையாக்கப்பட்டுவிட்டன. அவருடைய கதைகளை ஒரு சதமும் கொடுக்காமல் படிக்கலாம். வ. வே. சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915 இல் வந்தது. குளக்கட்டில் நிற்கும் மரம் ஒன்று தான் கண்டதைச் சொல்வதாக அமைந்த கதை அது. குளக்கட்டுகளிலேயே வளர்ந்த உனக்கு அதைப் பற்றி நான் கூடுதலாகச் சொல்ல வேண்டியதில்லை. நீ ஆங்கிலம் படிப்பித்தவன் என்பதால் பழைய ஆங்கிலப் புத்தகங்களை இலவசமாகத் தரும் குட்டன்பேர்க் திட்டம் என்ற இணையத்தளத்தையும் சொல்கிறேன். கொன்ஸ்ரன்ஸ் கார்னெற் மொழிபெயர்த்த செகாவின் கதைகள் பதின்மூன்று தொகுதிகளாக அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. பிரதேச சபை நூலகத்தில் அங்கத்தவனாகச் சேர்வதையும் தள்ளிப்போடாதே. புதுப் புத்தகம் குறைவாக இருந்தாலும், பழைய சோவியத் மொழிபெயர்ப்புகள் எங்காவது ஒரு தட்டின் கீழே கிடக்கும். நூலகரிடம் பெயர் சொல்லிக் கேள்.

கிடைப்பது எளிது என்று கண்டவுடன் இன்னொரு ஆபத்து வருகிறது. அதைத்தான் நான் முக்கியமாக எழுத நினைத்தேன். இலவசமாக நூறு கதைகளை இறக்கி வைப்பவன் ஒன்றையும் படிப்பதில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில், மண்ணெண்ணெய் தீரும் முன் முடிக்க வேண்டும் என்று, கடைசித் தாள்கள் கிழிந்துபோன ஒரே தொகுப்பை நீயும் நானும் மாறி மாறிப் படித்ததை நினைத்துப் பார். முடிவு இல்லாத அந்தக் கதைக்கு முடிவு என்னவாக இருக்கும் என்று எவ்வளவு வாதாடினோம்! அந்தத் தட்டுப்பாடு திரும்பி வரவேண்டும் என்று எவரும் விரும்பமாட்டார்கள். ஆனாலும் ஒரு கதையோடு நெடுநேரம் இருக்கிற அந்தப் பழக்கம் நல்ல பழக்கம், அதை வைத்துக்கொள்ள வேண்டும். நான் இப்போது கிழமைக்கு ஒரு கதை என்று வைத்திருக்கிறேன், அதையும் இருமுறை படிக்கிறேன். இலங்கையர்கோனின் ‘வெள்ளிப் பாதசரம்’ என்ற கதையை எடுத்துக்கொள். வல்லிபுரக் கோயில் திருவிழாவுக்குப் போன இளம் கணவன் மனைவியிடையே ஒரு பாதசரம், அதாவது கொலுசு, தொலைந்துபோவதுதான் அதில் நிகழ்வது. முதல்முறை படிக்கும்போது பாதசரம் கிடைக்குமா என்பதிலேயே மனம் இருக்கும். இரண்டாம்முறை படிக்கும்போதுதான், கோபத்தில் இருவரும் பேசாமல் இருக்கிற பொழுதை ஆசிரியர் எவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறார் என்பது தெரியும். வாங்க முடியாத இரண்டாவது புத்தகம் அந்த இரண்டாவது வாசிப்பில் கிடைத்துவிடுகிறது.

இன்னொன்று, சத்தமாக வாசிப்பது. மின்சாரம் நின்ற ஒரு மாலையில் தற்செயலாகத் தொடங்கி, இப்போது எங்கள் முற்றத்தில் அடிக்கடி நடக்கிறது. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யை வாசித்தோம், ஒரே மாலையில் முடியாத நீளம். திருநெல்வேலிக் கிராமத்திலிருந்து மருதி என்ற பெண் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்கிற கதை என்பது உனக்குத் தெரியும். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியிருந்த குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் பல உண்டு. அப்படி வந்த ஓர் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரல்லர். தோட்டத்துப் பகுதி வந்ததும் நிறுத்தச் சொல்லி, லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில், தன் தாய் எப்படிச் சமைத்தார், கங்காணியின் சத்தத்துக்கு எப்படி எழும்பினார்கள் என்று சொல்லத் தொடங்கிவிட்டார். கதையை விட அந்தப் பேச்சு நீண்டது. முடிவில் அவர் ஒரு குறையும் சொன்னார்: தோட்டத்துச் சனத்தின் துன்பத்தை எழுதியவர் காமன் கூத்து ஆடிய இரவுகளையும் எழுதியிருக்க வேண்டும் என்று. எண்பது தொண்ணூறு வருடத்துக்கு முந்திய கதைக்கு இதைவிடப் பொருத்தமான விமர்சனத்தை நான் கேட்டதில்லை. உன் வீட்டிலும் இதைத் தொடங்கு. ஒரு பிரதி போதும், பத்துப் பேர் கேட்கலாம்.

எங்கள் மண்ணின் எழுத்தையும் மறக்காதே. பரந்தன் குமரபுரத்தைச் சேர்ந்த தாமரைச்செல்வி கமக்காரரின் வாழ்வையும் இடம்பெயர்வையும் எழுதிய கதைகள், வயலில் நின்றவர்களுக்கு நேரே புரிபவை. மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’யையும் பட்டியலில் சேர். புதுப் புத்தகம் வாங்கத்தான் வேண்டும் என்று கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால், உயிரோடு இருந்து எழுதுகிற எங்கள் எழுத்தாளர் ஒருவரின் புத்தகத்தை வாங்கு. இறந்தவர்களின் கதைகள் பல இலவசமாகக் கிடைக்கும், இவர்களுக்கு அந்தக் காசு தேவை.

உன் தமையனின் வீட்டுப் பரணில் பழைய சஞ்சிகைகள் கட்டாகக் கிடக்கின்றன என்று ஒருமுறை சொன்னாய். கறையான் பிடிக்கும் முன் அவற்றை இறக்கி, எந்த இதழ், எந்த ஆண்டு என்று ஒரு கொப்பியில் எழுதி எனக்கு அனுப்பு. நூலகம் தளத்தில் ஏற்கெனவே இருப்பவை எவை, இல்லாதவை எவை என்று நான் பார்த்துச் சொல்கிறேன். இல்லாதவற்றை மின்வருடுவதற்காக அவர்களிடம் சேர்ப்பிக்கலாம். இந்தக் கிழமை நான் எடுத்திருப்பது புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’. நீயும் அதையே படித்துவிட்டு, செல்லம்மாளின் கணவர் பிரமநாயகம் பிள்ளையைப் பற்றி உன் எண்ணம் என்ன என்று எழுது.

இப்படிக்கு,
உன் அன்பு நண்பன்